தெய்வம்மாவின் போணி

அரவேணு பஜாரில் என் மளிகைக்கடைக்கு நேர் எதிரே லிங்கசாமியும் ஒரு மளிகைக்கடை வைத்திருந்தான். நடுவில் கோத்தகிரி பஸ் போகிற ரோடு. நான் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் அவனும் திறப்பான். அவன் கடையில் நாலு பேர் நின்றால் எனக்குச் சோறு இறங்காது. இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. இரண்டு பேருக்குமே இதில் பெரிய குறை ஒன்றும் இருந்ததில்லை.

எங்கள் போட்டிக்குத் தீர்ப்புச் சொல்கிற இடத்தில் இருந்தவள் தெய்வம்மா. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம்; மேல் லயத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையில் இருந்துகொண்டு எஸ்டேட்டில் இலை பறிக்கிறவள். அவளுடையது ராசியான கை என்று பஜார் முழுக்கப் பேச்சு. காலையில் முதல் வியாபாரத்தை அவள் செய்து போணி பண்ணிவிட்டால் அன்றைக்கு எண்ணெய் டின்னைக் கவிழ்த்து வழிக்கிற அளவுக்கு விற்கும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"ராசியாவது ஒண்ணாவது. அந்தம்மா எங்க நின்னு பேசுதோ அங்க மேல் லயத்துப் பொம்பளைங்க பூரா நிக்கறாங்க. அதுக்கு இத்தனை கதையா?" என்பாள் என் மனைவி இசக்கியம்மா.

எப்படியோ, வருஷா வருஷம் போகி அன்றைக்குத் தெய்வம்மாவின் போணி என் கடைக்குத்தான். மஞ்சள்கிழங்கும் கல்லுப்பும் வாங்குவாள். லிங்கசாமி எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தான். "நாள் கிழமைக்கு அழகர்சாமி கடை, மத்த நாளைக்கு உன் கடை. போடா" என்று அவனிடமே சொல்லிவிட்டாள்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. ஒரு கிலோ பச்சை இலை விற்றால் இரண்டு டீ குடிக்கலாம், வடை வாங்க முடியாது என்று ஆனது. ஃபேக்டரிகள் வாரத்தில் பாதி நாள் புகை விடவில்லை. எஸ்டேட்டில் மூன்று நாள் வேலை கொடுத்தால் அதுவே பெரிய தயவு. அப்படி ஊரே விளக்கைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்த சமயம் பார்த்து எங்கள் பஜாரில் சூப்பர் மார்க்கெட் வந்தது. அதுவும் எங்கே? எனக்கு நேர் எதிரே. லிங்கசாமி தன் கடையையும் பின்னாலிருந்த காலி இடத்தையும் கோயமுத்தூர்க்காரர்களுக்கு விட்டுவிட்டு அங்கேயே வேலைக்கும் சேர்ந்துகொண்டான்.

கார்த்திகையில் திறப்பு விழா. ரிப்பன் வெட்ட யாரோ பெரிய மனிதர் காரில் வந்தார். அதுபற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் அடித்த முதல் பில் தெய்வம்மாவுடையது. லிங்கசாமிதான் முன்கூட்டியே லயத்துக்குப் போய்ச் சொல்லி வைத்திருக்கிறான். அவள் அந்தச் சின்ன வெள்ளைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி என்னிடம் காட்ட வந்தாள்.

"பாரு தம்பி, என்னா அழகா அச்சடிச்சுக் குடுக்குறான்! அஞ்சு ரூவா உப்புக்கு இம்மாம் பெரிய கடுதாசி!"

நானும் சிரித்தேன். கன்னம் வலித்தது.

லிங்கசாமிக்கு அங்கே வாசலில் வேலை. முழங்கால் வரை தொங்குகிற நீலக் கோட்டு, மார்புப் பக்கம் சிவப்பு நூலில் கடைப் பெயர். வருகிறவர்களின் பைகளை வாங்கித் தட்டில் வைத்து டோக்கன் கொடுப்பான். கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்து, "வாங்க, வணக்கம்" என்பான். சொந்தக் கடை வைத்திருந்த காலத்தில் கடன்காரனுக்குக்கூட "வா" என்று சொல்லாதவன். செவ்வாய்க்கிழமை லீவு. மாசம் பிறந்தால் சம்பளம். கன்னம்கூடக் கொஞ்சம் உப்பிவிட்டது.

ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணாடி வழியாக எனக்கு எல்லாம் தெரியும். எது எதைப் பார்த்து எனக்கு எரிந்தது என்று வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். முதலில் அந்த வெளிச்சம். என் கடையில் ஒரு குண்டு பல்பு. அங்கே பகலிலும் டியூப் லைட். அடுத்தது, அங்கே பெண்கள் சாமானைத் தாங்களே எடுத்தார்கள். சோப்பை மோந்து பார்த்தார்கள், பிடிக்காவிட்டால் திரும்ப வைத்தார்கள். ஒருத்தரும் அதட்டவில்லை. என் கடையில் யாராவது சோப்பைத் தொட்டால், "வாங்கறதுன்னா எடு" என்று நான் சொல்கிற வழக்கம். கடைசியில் அந்தக் கோட்டு. அதுதான் கண்ணை உறுத்தியது.

"உங்களுக்கு சூப்பர் மேல கோபமே இல்லீங்க. அந்த நீலக் கோட்டு மேலதான் கண்ணு" என்றாள் இசக்கியம்மா.

"எனக்கெதுக்கு அடுத்தவன் கோட்டு?"

"அப்ப எதுக்கு மூச்சுக்கு முன்னூறு தடவ அதையே பேசறீங்க?"

இதற்கு நடுவில் படங்கு விவகாரம் ஒன்று வந்து சேர்ந்தது. மேல் லயத்திலிருந்து பஜாருக்கு வருகிற குறுக்குப் பாதை தேயிலைச் செடிகளுக்கு நடுவே வருகிறது. பனியில் சேலை நனையாமல் இருக்கப் பெண்கள் இடுப்பில் சாக்குத் துணி கட்டிக்கொண்டு வருவார்கள். படங்கு என்பது அதுதான். சொட்டச் சொட்ட அதைக் கட்டிக்கொண்டு வெள்ளை டைல்ஸ் தரையில் நடக்கக் கூடாது என்று மேனேஜர் சுரேஷ் சொல்லிவிட்டான். கோயமுத்தூர்ப் பையன். லிங்கசாமியின் டோக்கன் தட்டிலும் ஈரச் சாக்குக்கு இடம் இல்லை. அதனால் அந்தப் பெண்கள் நேரே என் கடைக்கு வந்தார்கள்.

முதல் நாள் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்று, "என்ன வேணும் சொல்லுங்க" என்றேன்.

"ஒண்ணும் வேணாம் தம்பி. இத மட்டும் கொஞ்சம் பாத்துக்க. ஒரு எட்டு எதிர்க்கடைக்குப் போயிட்டு வந்துர்றோம்" என்றாள் தெய்வம்மா.

இசக்கியம்மா அன்றைக்கே சுவரில் வரிசையாக ஆணி அடித்துவிட்டாள். இலைச்சாறும் ஈரச் சாக்கும் கலந்த வாடை கடை முழுக்க. நான் சத்தம் போட்டேன். "சொட்டட்டும் விடுங்க. ஆளாவது உள்ள வருதில்ல" என்றாள் அவள். வாங்குவது அங்கே, துணி காயப்போடுவது இங்கே. எரியாமல் என்ன செய்யும்?

மார்கழி நடுவில், எனக்குக் கடையை வாடகைக்கு விட்ட கட்டிடக்காரர் ராஜரத்தினம் வந்தார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கமாட்டார்.

"அழகர்சாமி, சூப்பர்காரங்க குடோனுக்கு எடம் கேக்கறாங்க. உங்க கடை தோதா இருக்குதாம். நீங்களும் எத்தனை நாளைக்கு ஈ ஓட்டுவீங்க? போகி அன்னிக்குச் சாயங்காலம் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வெச்சுக்கறதுன்னா வெச்சுக்குங்க, விடறதுன்னா சாவியக் குடுத்துடுங்க."

"குடோனை யாருங்க பாத்துக்குவாங்க?"

"வேற யாரு, லிங்கசாமிதான்."

அவர் போன பிறகு வெகுநேரம் என் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் லிங்கசாமி உட்கார்ந்து மூட்டை எண்ணுவான். என் தராசு தொங்கிய கொக்கியில் அவன் கோட்டைக் கழற்றி மாட்டுவான்.

இசக்கியம்மாவிடம் என் முடிவைச் சொன்னேன். போகி அன்று தெய்வம்மா இங்கே போணி பண்ணினால் கடை நிற்கும். அங்கே பண்ணினால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு கடைய வெக்கறதா மூடறதான்னு ஒரு மஞ்சக்கெழங்கு வந்து சொல்லோணுமா?"

"ஆமா."

போகி அன்று புல்லெல்லாம் உறைபனி. விடிந்ததும் கதவைத் திறந்து, தண்ணீர் தெளித்து, ஊதுபத்தி கொளுத்தினேன். மஞ்சள்கிழங்கில் நல்லதாகப் பொறுக்கி ஒரு பொட்டலம், கல்லுப்பு ஒரு பொட்டலம் கட்டி முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளுக்கு முன்னால் வேறொரு கை பட்டுவிட்டால் அது போணி ஆகாது. அதனால் அவள் வருகிற வரைக்கும் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை என்று வைராக்கியம்.

முதலில் வந்தது ஜீப் டிரைவர் சில்வஸ்டர். "அண்ணாச்சி, ஒரு தீப்பெட்டி."

"இன்னும் போணி ஆகலப்பா. கொஞ்சம் பொறு."

"அதான் நான் பண்றேன்ல?"

"நீ வேண்டாம்."

"ஏன், எங்காசு வேகாதா?" என்று சிரித்தவன் போகவில்லை. வேடிக்கை பார்க்கப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்து ஸ்கூல் டீச்சர் வாசுகி கோலப்பொடிக்கு வந்து, என் பதிலைக் கேட்டு ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். மூக்கன் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்தான். வாசலில் நின்று கடையை மேலும் கீழும் பார்த்தான்.

"கடை தெறந்திருக்குதுங்களா அண்ணாச்சி, இல்ல காத்து வாங்க ஒக்காந்திருக்கீங்களா?"

"அரை மணி நேரம் கழிச்சு வா மூக்கா."

"எங்கூட்ல அடுப்பு அரை மணி நேரம் பொறுக்காதுங்க."

இப்படி நான் திருப்பி அனுப்பிய ஒவ்வொருவரும் ரோட்டைத் தாண்டிப் போய் சூப்பர் வாசலில் நின்றார்கள். இசக்கியம்மாவால் தாங்க முடியவில்லை. "ஏனுங்க, அங்க பாருங்க. லிங்கசாமிக்கு நீங்களே ஆள் சேத்து அனுப்பறீங்க. கமிஷன் ஏதாச்சும் தர்றானா?"

கடைசியில் ராஜரத்தினமே வந்தார். "ஒரு கட்டி சூடம் குடுங்க."

அவரிடமும் சொல்லிவிட்டேன், போணி ஆகவில்லை என்று. கட்டிடக்காரரிடம் சூடம் இல்லை என்று சொன்ன ஆள் அரவேணுவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "சரி, சாயங்காலம் வர்றேன். பதிலோட இருங்க" என்று நடந்தார்.

அப்போதுதான் எதிரே ஒன்றைக் கவனித்தேன். திறக்கிற நேரம் தாண்டியும் சூப்பரின் கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. லிங்கசாமி கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்து, "கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க" என்று கூட்டத்தை நிறுத்திக்கொண்டிருந்தான். உள்ளே மேனேஜர் சுரேஷ் வாட்சைக் காட்டி ஏதோ கத்தினான். லிங்கசாமி கும்பிட்டான். அவன் கண் மேல் லயத்துப் பாதையில் இருந்தது. என் கண்ணும் அங்கேதான் இருந்தது.

பனிக்குள்ளிருந்து தெய்வம்மா வந்தாள். பின்னால் லயத்துப் பெண்கள், இடுப்பில் படங்கு, தலையில் கம்பளி. பஜாரே திரும்பிப் பார்ப்பதைக் கண்டு அவள் நின்றுவிட்டாள்.

"என்னாடா இது, ஊரே எனக்காக நிக்குது? நான் செத்துகித்துப் போனேன்னு எவனாச்சும் சொல்லிட்டானா?"

படங்கு வைக்க என் கடைக்குத்தான் முதலில் வந்தாக வேண்டும். வந்தாள். அவிழ்த்து இசக்கியம்மாவிடம் கொடுத்தாள். நான் இரண்டு பொட்டலங்களையும் முன்னால் நகர்த்தினேன்.

"எடுத்து வெச்சிருக்கேனுங்க. வழக்கம்போல."

அவள் பொட்டலத்தைத் தொடவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்து, நாலாக மடித்த ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"ஒளிக்க மாட்டேன் தம்பி. எஸ்டேட்டுல இன்னும் சம்பளம் போடல. மேலுக்குப் போடுற எண்ணெய்க்குக்கூட கையில சல்லி இல்ல. இது லிங்கசாமி நேத்து லயத்துக்கு வந்து குடுத்தது. காலையில மொத பில்லு நீதான் போடணும் அக்கான்னு கெஞ்சிட்டுப் போனான். சரின்னுட்டேன்."

பெஞ்சில் இருந்த சில்வஸ்டர் தொடையில் தட்டிச் சிரித்தான். "அவங்க காச அவங்களுக்கே குடுத்தா அதுக்குப் பேரு போணியா? நல்லா இருக்குதே!"

"எனக்கென்னாடா தெரியும்? கை என்னுது. சல்லி எவனோடதா இருந்தா என்னா?" என்றாள் தெய்வம்மா.

அந்த நோட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. லிங்கசாமி தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து, மேட்டில் மூச்சு வாங்க ஏறிப்போய்க் கொடுத்த நோட்டு. அது என் பெட்டியில் விழ வேண்டும்.

"அப்ப அந்தக் கைய இங்க வைங்க" என்றேன்.

"அவன் குடுத்த சல்லிய ஒங்கிட்ட குடுக்கவா சொல்ற?"

"ஆமாங்க."

"ஏனுங்க, வெக்கமா இல்லீங்களா?" இது இசக்கியம்மா.

"இல்ல."

தெய்வம்மா என்னைப் பார்த்தாள். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த நீலக் கோட்டைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது. நோட்டை என் கையில் வைத்தாள். நான் அதைக் கண்களில் ஒற்றி, சாமி படத்துக்குக் காட்டி, கல்லாப்பெட்டியில் போட்டேன். மஞ்சளும் உப்பும் நாலு ரூபாய். மீதியை எடுத்துக் கொடுத்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் பெட்டியில் இருந்த நாணயங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சில்லறையை அவள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "இது போதும். அவனுக்குக் குடுத்த வாக்கும் நிக்கும்" என்று சொல்லி, ரோட்டில் இறங்கி எதிர்ப்பக்கம் நடந்தாள்.

பாதி ரோடு தாண்டும் வரைக்கும் எனக்குப் புரியவில்லை. இசக்கியம்மாதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கண்ணாடிக் கதவு அகலத் திறந்தது. லிங்கசாமி அவளுக்கு முன்னால் ஓடாத குறையாக ஓடினான். உப்புப் பாக்கெட் ஒன்று வந்தது. சசிகலா என்கிற பெண் பில் அடித்தாள். தெய்வம்மா கொடுத்த நாணயங்களை லிங்கசாமி தானே வாங்கினான், உற்றுப் பார்த்தான், முகமெல்லாம் பல்லாக மேனேஜரிடம் நீட்டிக் காட்டினான். பிறகு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். என் காசு. என் பெட்டியில் ஆயுத பூஜையிலிருந்து இருந்த காசு.

அவள் பின்னாலேயே பெண்கள் எல்லோரும் உள்ளே போனார்கள். ஒருத்திகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் காலையிலிருந்து துரத்திவிட்ட வாசுகி டீச்சர், மூக்கன், எல்லோரும் போனார்கள். சில்வஸ்டர் கடைசியாக எழுந்து, "போணிதான் ஆயிடுச்சே, இப்பவாச்சும் தீப்பெட்டி குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனான். கடையில் சொட்டுகிற படங்குகளும் நானும் இசக்கியம்மாவும்.

"போணி இங்கதானுங்களே ஆச்சு? அப்ப சாவி?" என்றாள் அவள், வேண்டுமென்றே.

என் நெஞ்சு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே பெண்கள் வெல்லத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். நெய் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். சோப்பை மோந்தார்கள். ஒருத்தி பவுடர் டப்பாவைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். என் கடையில் அந்தப் பெண் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். பெரும்பாலும் வெறுங்கை. அங்கே வெல்லம் கிலோ பாக்கெட். பச்சரிசி அதைவிடப் பெரிய பாக்கெட். நெய் முழுப் பாட்டில். வாரத்தில் மூன்று நாள் வேலை செய்கிறவள் எதை வாங்குவாள்? படங்கை எடுக்க எப்படியும் என் கடைக்கு வந்தாக வேண்டும். வந்த இடத்தில், ஆணியிலிருந்து சாக்கை எடுத்துக்கொண்டே, ஒருத்தி தயக்கமாகக் கேட்டாள்.

"வெல்லம் கால் கிலோ குடுப்பீங்களா?"

"அரைக்கால் கிலோன்னாலும் குடுப்பேன். சொல்லு."

அதிலிருந்து பொழுது சாய்கிற வரை நான் ஸ்டூலில் உட்காரவில்லை. கால் கிலோ வெல்லம், ஒரு கரண்டி நெய், பத்தே பத்து முந்திரி, ஒரு ரூபாய்க்கு ஏலக்காய். இசக்கியம்மா காகிதம் கிழித்துக் கொடுக்க, நான் மடிக்க. பெரிய வியாபாரம் என்று சொல்ல முடியாது. ஆனால் கூட்டம் கூட்டம்தான். இடையிடையே தலையைத் தூக்கி, லிங்கசாமி பார்க்கிறானா என்று பார்த்துக்கொண்டேன். பார்த்தான்.

அதிலும் ஒரு முள் இருந்தது. என் கடையில் நின்று, என்னிடம் பொட்டலம் வாங்கிக்கொண்டு, அவர்கள் பேசியதெல்லாம் அந்தக் கடையைப் பற்றித்தான்.

"என்னா வெளிச்சம்டீ! கல்யாண வூடு தோத்துச்சு."

"சோப்ப மோந்து பாத்தா ஒண்ணுமே சொல்லலயே!"

"அடுத்த வாரமும் போவோம்."

நான் பொட்டலத்தின் நூலை இறுக்கிக் கட்டினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடை காலியானது. அப்போது பக்கவாட்டு வாசல் வழியாக லிங்கசாமி வந்தான். கோட்டைக் கழற்றிச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தான்.

"ஒரு கிலோ வெல்லம் குடுங்க அண்ணாச்சி. ரெண்டு கிலோ பச்சரிசி."

"ஏன், உங்க சூப்பர்ல தீந்துபோச்சா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஸ்டாஃபு வாங்கினா வெளிய போறப்ப பையத் தெறந்து காட்டோணுமுங்க. நான் கடை வெச்சிருந்த எடத்துல, அந்தச் சசிகலாப் புள்ள முன்னால நின்னு நான் பையத் தெறந்து காட்றதா?"

இதற்கு ஒரு நக்கல் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டு அரிசியை அளந்தேன். அவன் ஒரு காலில் நின்று மறு காலைத் தேய்த்துக்கொண்டான். கண் என் ஸ்டூல் மேலேயே இருந்தது.

"அங்க உக்காரவே கூடாதுங்க. காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் நிக்கோணும். நீங்க குடுத்து வெச்சவரு, ஸ்டூலு இருக்குது."

நான் ஸ்டூலைக் காலால் இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இசக்கியம்மா தன் பலகையை அவனுக்கு நகர்த்திப் போட்டாள். உட்கார்ந்ததும் பெருமூச்சு விட்டான். உடனே முகம் மலர்ந்தது.

"ஆனா இன்னிக்குப் போணி பாத்தீங்களா? தெய்வம்மா அக்கா குடுத்தது குங்குமம் பட்ட காசுங்க! சாமி காசு. மேனேஜர்கிட்டயே காட்டினேன். வர்ற வருஷம் பூரா நமக்குத்தான்."

"அப்படியா" என்றேன். என் முழங்கைக்குக் கீழே, கல்லாப்பெட்டிக்குள் அவனுடைய பத்து ரூபாய் இருந்தது. இசக்கியம்மா உள்ளே போய்விட்டாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

பஸ் ஹாரன் கேட்டது. அரிசியையும் வெல்லத்தையும் வாரிக்கொண்டு ஓடினான். சுருட்டிய கோட்டு பலகையிலேயே கிடந்தது.

எட்டிப் பார்த்தேன். பஸ் போய்விட்டது. ரோட்டில் யாரும் இல்லை. கோட்டை எடுத்து உதறினேன். நல்ல கெட்டித் துணி. உள்ளே கையை விட்டுப் பார்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டு கையையும் விட்டுப் பட்டனும் போட்டுவிட்டேன். பிஸ்கட் அலமாரிக் கண்ணாடியில் பார்த்தேன். தோள் அச்சாக உட்கார்ந்தது. நெஞ்சை நிமிர்த்தி, சத்தம் வராமல், "வாங்க, வணக்கம்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"வணக்கம்" என்றார் ராஜரத்தினம்.

வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவர் முகத்தில் எல்லாம் தெளிந்துபோன ஒரு நிம்மதி.

"அதான் காலைல சூடம்கூடக் குடுக்கலையா? எப்பச் சேந்தீங்க? சொல்லியிருக்கலாமே. நல்ல முடிவுதான் அழகர்சாமி. அப்ப சாவியக் குடுங்க."

கை நீட்டினார். நான் அந்தக் கையைப் பார்த்தேன். அந்தச் சாவி அவர் கையிலிருந்து யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். நாளைக் காலையில் இதே பட்டனைப் போட்டுக்கொண்டு லிங்கசாமி என் ஸ்டூலில் கால் வலி தீர உட்காருவான்.

"சாவி எங்கிட்டயே இருக்கட்டுமுங்க" என்றேன்.

"அப்ப இந்தக் கோட்டு?"

"இது சும்மா. குளிருக்கு."

உள்ளேயிருந்து இசக்கியம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ராஜரத்தினம் கையை மெதுவாக இறக்கினார். "கடைய வெச்சுக்கறீங்க?"

"வெச்சுக்கறேனுங்க. சூடம் எடுத்துட்டுப் போங்க, போணியெல்லாம் ஆயிடுச்சு."

அவர் போன பிறகு இசக்கியம்மா வெளியே வந்தாள். "தெய்வம்மா போணி பண்ணுனதாலதானுங்க வெச்சுக்கிட்டீங்க?"

"வேற எதுக்கு?"

"நானும் அதத்தான் நெனச்சேன். மொதல்ல அதக் கழட்டுங்க" என்று கோட்டை வாங்கி, யாரோ விட்டுப்போயிருந்த ஒரு படங்குக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் பொங்கல். நான் கதவைத் திறக்கும்போதே லிங்கசாமி வாசலில் நின்றான், குளிரில் கையைக் கட்டிக்கொண்டு.

"கோட்ட விட்டுட்டுப் போயிட்டேனுங்க. அது இல்லாமப் போனா மேனேஜர் உள்ள விடமாட்டாரு."

ஆணியிலிருந்து எடுத்தேன். கொடுக்க மனம் வரவில்லை. ஒரு பக்கம் படங்கின் ஈரம் லேசாக ஏறியிருந்தது.

"போணி பண்ணிட்டு எடுத்துக்க."

"நானா? எங்கை வெளங்காத கைன்னு ஊரு பூரா சொன்னீங்களே?"

"பாக்கலாம். போடு."

அவன் முனகிக்கொண்டே ஒரு ரூபாயை நீட்டி ஒரு தீப்பெட்டி வாங்கினான். நான் காசைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போட்டேன். அவன் கோட்டை மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினான். பாதியில் நின்று கையைத் தூக்கி, கழுத்துப் பக்கம் துணியை இழுத்துவிட்டுக்கொண்டான். பின்னாலிருந்து பார்க்கும்போது நன்றாகவே தெரிந்தது. அவனுக்குத் தோளில் தொளதொளவென்று இருந்தது. அந்தக் கோட்டு எனக்குத்தான் சரியாக இருந்தது.